சுற்றறிக்கை எருமைகள்

முதல் எருமை பூச்சக்காட்டு வலசுக்கு வந்தது ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, வராத பால் வண்டிக்காகக் காத்துக் காத்துக் கால் கடுத்துப்போய்ப் பெண்களெல்லாம் தூக்குப்போசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்ட நேரத்தில். பால் சொசைட்டிச் சாவியை எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் வேலாத்தா, கரட்டூர் பால் ஒன்றியத்திலிருந்து வந்திருந்த சுற்றறிக்கையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பசைக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினால், பின்னால் நிற்கிறது, கன்னங்கரேலென்று, கொம்பு இரண்டும் முதுகுவரை வளைந்து, கழுத்தில் கயிறில்லாமல், பிறந்ததிலிருந்து ஒரு ஈ கூட உட்காராத மினுமினுப்போடு. யாரும் அலறவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. "ஆரூட்டு எருமைடி இது, கட்டாம உட்டுட்டாங்க?" என்று மட்டும் வேலாத்தா கேட்டாள்.

யார் வீட்டதும் இல்லை. கறுப்பி என்று கூப்பிட்டார்கள், லட்சுமி என்று கூப்பிட்டார்கள், நாக்கை மடித்து எருமைகளுக்கே உரிய சத்தத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், காதைக்கூட ஆட்டவில்லை. அப்போது யாரோ சுவரில் ஒட்டிய காகிதத்தை எழுத்துக் கூட்டி, "நேர ஒழுங்கமைவுப் பெயர்ச்சி" என்று வாசிக்க, எருமை டக்கென்று தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. சரி, இதுதான் இவள் பேர் போலிருக்கிறது என்று வேலாத்தா முடிவு செய்து, அவ்வளவு நீளப் பேரை வைத்துக்கொண்டு கட்டுத்தரையில் காலம் தள்ள முடியாது என்பதால் 'பெயர்ச்சி' என்று சுருக்கி, ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டி, ஒரு கட்டு சோளத்தட்டையும் போட்டாள்.

அதன் பிறகு எந்த ஊருக்குச் சுற்றறிக்கை போனாலும் அதன் பின்னாலேயே ஒரு எருமையும் போயிற்று. 'தீவனத் தன்னிறைவூக்கம்' வந்தது, அதை 'ஊக்கம்' என்று கூப்பிட்டார்கள். 'உள்ளார்ந்த விழுமியக் கூட்டொளிர்வு' வந்தது, அது 'ஒளிர்வு' ஆனது. கால்நடை மருத்துவர் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தமும் யாரோ முத்திரை குத்துகிற சத்தமும் கேட்கின்றன, மற்றபடி ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை என்று சொல்லி ஒரு பூச்சி மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடிமாட்டு வியாபாரி ஆசையோடு வந்து ஒன்றை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார், முள் அசையவே இல்லை. மேடையில் பறந்து வந்து உட்கார்ந்த காக்காய்க்கு அசைந்தது, அத்தனை பெரிய எருமைக்கு அசையவில்லை. வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இதை வாங்குவதற்குக் காற்றை வாங்கலாம் என்று சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டார்.

தையில் மாட்டுப்பொங்கல் வந்தபோது அவற்றுக்கும் கொம்பில் வர்ணம் பூசினார்கள், நெட்டிமாலை போட்டார்கள், பொங்கல் ஊட்டினார்கள். வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட வாயில்லா ஜீவனை என்ன செய்வது? ஆனால் கறப்பதென்பது அதுகளுக்குத் தெரியவில்லை. மடி பெரிதாகத்தான் இருந்தது, காம்பை இழுத்தால் ஒரு சொட்டு வராது. தின்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. பங்குனி வெயிலில் தட்டுப்போர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கறக்கிற மாடு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்க, கறக்காத எருமை கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை எருமைகளுக்கும் தாய் ஒருத்தி கரட்டூரில் இருந்தாள். பெயர் பூங்கோதை.

ஒன்றிய அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவது பூங்கோதையின் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'செவ்வாய்க்கிழமை முதல் பால் வண்டி ஆறு மணிக்கு வரும்' என்றுதான் எழுதினாள். புதிதாக வந்த பொது மேலாளர் சந்திரமௌலி அதைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இதை யார் வேணாலும் எழுதலாமே அம்மா, இதுக்கு எதுக்கு ஒரு ஒன்றியம்?" என்று கேட்டார். பூங்கோதைக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு ராத்திரியே, ஒட்டாத இரண்டு சொல்லைப் பிடித்து ஒட்டி, வாலில் ஓர் 'ஆக்கம்' வைத்து, முன்னால் ஒரு 'சார்' வைத்து, அவள் முதல் சொல்லைச் செய்தாள். மேலாளர் அதை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு, பூங்கோதை நிறுத்தவே இல்லை. கைவேலை என்று ஒன்று இருக்கிறதே, அதன் ருசி பொல்லாதது. பேருந்தில் போகும்போதும் செய்தாள், வெங்காயம் உரிக்கும்போதும் செய்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை தோறும் சுற்றறிக்கை மேசை மேசையாகப் போகும். கொள்முதல் பிரிவு படித்துவிட்டுத் தலையாட்டிக் கையெழுத்துப் போடும், அவர் தலையாட்டியதைப் பார்த்துத் தீவனப் பிரிவு தலையாட்டும், அவர் போட்டதைப் பார்த்துக் கணக்குப் பிரிவு போடும், எல்லாரும் போட்டிருக்கிறார்களே என்று மேலாளர் போடுவார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பது மட்டும் கூடாது. கேட்டால் கேட்டவருக்குத் தெரியாது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ஊர்களில் எருமை வருகிறது என்ற செய்தி வந்தபோதும் அவர்கள் கலங்கவில்லை. எருமைகளைக் குறித்தே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள், அதன் பின்னாலும் ஒன்று போயிற்று.

பங்குனிக் கடைசியில் மேலாளர் பூங்கோதையைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பூச்சக்காட்டு வலசு கடைக்கோடியில இருக்கு. வண்டி போய்வர டீசலுக்குக் கட்டுப்படி ஆகலை. இந்த வருஷத்தோட அந்த ஊர்ப் பாலை நிறுத்தறோம். ஆனா சட்டப்படி பேரவைக் கூட்டத்துல உறுப்பினர்களே கை தூக்கித் தீர்மானம் போடணும். பாலை நிறுத்தறோம்னு எழுதினா தூக்குவாங்களா? அழகா ஒரு சொல் கொடுங்க, பூங்கோதை. இதுவரைக்கும் செய்ததிலேயே பெருசா இருக்கட்டும். நல்லபடியா முடிஞ்சா, மக்கள் தொடர்பு அதிகாரி நாற்காலி உங்களுக்குத்தான்."

அந்த ஊருக்கு வேறு பால்காரர் யாரும் போவதில்லை என்பது பூங்கோதைக்குத் தெரியும். ஒன்றிய வண்டி நின்றால் அந்தப் பெண்கள் மாடுகளை அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டுக் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவள் செய்தாள். நாற்காலி ஆசை கொஞ்சம், கைவேலை ருசி மிச்சம். மூன்று நாள் உருட்டித் திரட்டி அவள் கொண்டுவந்து வைத்த சொல், 'படிநிலைப் பால்திரட்டல் மீளிணக்கம்'. எல்லா மேசையும் தலையாட்டியது. கணக்குப் பிரிவு ஆரோக்கியசாமி, "ஆகா" என்று கூடச் சொன்னார்.

சுற்றறிக்கை தபாலில் போன அன்று வாசலில் ஏதோ சத்தம் கேட்டு பூங்கோதை ஜன்னலுக்கு வந்தாள். அலுவலகத்துக்குள்ளிருந்து ஓர் எருமை வெளியே போய்க்கொண்டிருந்தது. மற்றவையெல்லாம் இதன் கன்றுகள் என்று சொல்லலாம், அவ்வளவு பெரிது. ஒற்றைக் கதவில் அது நுழையாததால் காவலாளி இரட்டைக் கதவையும் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு சலாமும் வைத்தார். அது திரும்பி ஜன்னலைப் பார்த்தது. தான் செய்த சொல் ஒன்று நடந்துபோவதை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்து அவளும் பூச்சக்காட்டு வலசுக்குப் போனாள்.

அவள் போய் இறங்கும்போது பெரிய எருமை சொசைட்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வேலாத்தா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தட்டுப் போட நான் எங்கீங்க சாமி போவேன்" என்று தலையில் கை வைத்திருந்தாள். ஒன்றியத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் அந்தக் கவலையையும் மறந்து பூங்கோதையின் கையைப் பிடித்துக் கட்டுத்தரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீதான் எழுதறவளா அம்மிணி? நெம்ப நாளா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். இவ பேருக்கு என்ன கண்ணு அர்த்தம்?"

பெயர்ச்சி அசை போட்டபடி நின்றது. இத்தனை நாளில் அந்தக் கேள்வியை பூங்கோதையிடம் யாரும் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. எருமையின் முதுகில் கை வைத்துக்கொண்டு, "பால் வண்டி அரை மணி நேரம் தாமதமா வரும்னு அர்த்தங்க அக்கா" என்றாள்.

எருமையின் காது நிமிர்ந்தது. அசை நின்றது. உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடி, மடி விம்மி இறங்கி, நான்கு காம்பிலிருந்தும் பால் தானாகத் தரையில் சொட்ட ஆரம்பித்தது.

"அடியே, போசியக் கொண்டாங்கடி!" என்று வேலாத்தா போட்ட சத்தத்தில் ஊரே ஓடிவந்தது. போசி நிறைந்தது, குடம் நிறைந்தது. கறந்துகொண்டே வேலாத்தா சிரித்தாள், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க அரை மணி நேரம் கழிச்சே வந்திருப்போமே, வெயில்ல காஞ்சோமே!" பிறகு வரிசை கட்டி நின்றார்கள், கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்க நிற்பதுபோல, ஒவ்வொருத்தியும் கையில் ஒரு கயிறும் கயிற்றின் நுனியில் ஓர் எருமையுமாக. 'ஊக்கம்' என்பதற்கு இந்த வருடம் புண்ணாக்கு தரமாட்டோம் என்று அர்த்தம் என்றாள் பூங்கோதை. அதற்காக அவளை ஆளாளுக்கு ஏசினார்கள், ஏசிக்கொண்டே கறந்தார்கள். 'ஒளிர்வு' வந்தபோது பூங்கோதை நெடுநேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு ஒண்ணுமே இல்லீங்க, சும்மா எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டாள். அந்த எருமை, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு, நின்ற இடத்திலேயே இல்லாமல் போயிற்று. கயிறு மட்டும் கீழே கிடந்தது.

கடைசியாக வேலாத்தா சொசைட்டி வாசலில் நின்ற பெரியதைக் காட்டினாள். "இவளுக்கும் சொல்லிப்போடு அம்மிணி. இத்தனாம் பெரிய மடி, ஊரே குளிக்கலாம்."

சுற்றி நின்ற அத்தனை முகத்திலும் சிரிப்பு இருந்தது. பூங்கோதை அந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "உங்க ஊருக்கு... ஒரு நல்ல திட்டம் வருதுன்னு அர்த்தங்க" என்றாள்.

எல்லாரும் போசியை ஏந்தினார்கள். எருமை அவளை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு நிதானமாகக் கழுத்தை நீட்டி அவள் சேலை முந்தானையைக் கடித்து மெல்லத் தொடங்கியது. ஒரு சொட்டு வரவில்லை.

வேலாத்தாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் எருமையின் வாயிலிருந்து முந்தானையை விடுவித்து, ஈரத்தைத் தன் சேலையில் துடைத்து, பூங்கோதையின் தோளில் போட்டுவிட்டாள். "செரி அம்மிணி. உனக்கே தெரியலயாட்ட இருக்குது. தெரிஞ்சா வந்து சொல்லு" என்றாள். போகும்போது பெயர்ச்சியின் பாலைக் காய்ச்சி, ஆற்றி, ஒரு டம்ளர் கையில் கொடுத்தாள். பூங்கோதை அதைக் குனிந்தபடியே குடித்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பேரவைக் கூட்டம் சித்திரையில், கரட்டூர்க் கல்யாண மண்டபத்தில், வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து நடந்தது. பேரவைக்கும் ஒரு வழக்கம் உண்டு. பூங்கோதை மேடையில் நின்று தீர்மானத்தை வாசிப்பாள். வாசித்து முடித்ததும் மேலாளர் மேசை மணியைத் தட்டுவார். மணி கேட்டதும் மண்டபம் முழுக்கக் கை தூக்கும். யாருக்கும் ஒன்றும் புரியாது, புரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை, ஏனென்றால் கடைசி மணிக்குப் பிறகு தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கும் பந்தி போடுவார்கள், சீக்கிரம் தூக்கினால் சீக்கிரம் சாப்பிடலாம். அப்படித்தான் அந்த ஒன்றியத்தில் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின.

அன்றும் மணி அடிக்க அடிக்கக் கைகள் ஏறி இறங்கின. சமையல்கட்டிலிருந்து பட்டை கிராம்பு வாசனை வரத் தொடங்கியபோது பூங்கோதை கடைசிக் காகிதத்தை எடுத்தாள். மூன்றாவது வரிசையில் வேலாத்தா ஒன்றியத்துக்காகவே எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலையில் உட்கார்ந்து, கையை இப்போதே பாதி தூக்கித் தயாராக வைத்திருந்தாள். "பூச்சக்காட்டு வலசு தொடர்பான படிநிலைப் பால்திரட்டல் மீளிணக்கம்" என்று பூங்கோதை வாசித்தாள்.

பேரைச் சொன்னால் வரத்தானே செய்யும். வாழைமரத்துக்கு நடுவே மண்டப வாசல் இருண்டது. பெரிய எருமை உள்ளே வந்தது, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே சாவகாசமாக நடந்து, மேடைக்குக் கீழே வந்து நின்று, தலையைத் தூக்கி பூங்கோதையைப் பார்த்தது. கூட்டம் வழிவிட்டதே தவிர எழுந்து ஓடவில்லை. அவரவர் ஊரில் பார்க்காத எருமையா?

மேலாளர் மணியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "முடிங்க, முடிங்க" என்று பல்லைக் கடித்தார்.

பூங்கோதை வேலாத்தாவின் பாதி தூக்கிய கையைப் பார்த்தாள். அந்தக் கைதான் தன் முந்தானையைத் துடைத்தது என்று நினைத்தாள். நாற்காலியையும் நினைத்தாள், பொய் சொல்வானேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான் நினைத்தாள். பிறகு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை விளிம்பில் மண்டியிட்டு, எருமையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இனிமே பூச்சக்காட்டு வலசுல இருந்து ஒரு சொட்டுப் பால்கூட வாங்க மாட்டோம். வண்டி வராது. சொசைட்டியைப் பூட்டிருவோம். அதுக்கு நீங்களே சம்மதிச்சுக் கை தூக்கணும். இதான் அர்த்தம். வேற அர்த்தம் கிடையாது."

மேலாளரின் கை, அதற்கு எதுவும் புரியாததால், பழக்கப்படி மணியை அடித்துவிட்டது.

மணிச் சத்தம் மண்டபத்தைச் சுற்றி வந்து அடங்கியது. ஒரு கை எழவில்லை. பின்வரிசையில் தூக்கத்திலிருந்த ஒருவர் மட்டும் மணியைக் கேட்டுக் கையைத் தூக்க, பக்கத்து ஊர்க்காரர் அதைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வேலாத்தா எழுந்து நின்றாள். அவள் சத்தமாகப் பேசவில்லை.

"முடியாது" என்றாள்.

"முடியாது" என்றது அவள் ஊர். "முடியாது" என்றன மற்ற ஊர்கள், அடுத்த எருமை தங்கள் வாசலுக்குத்தான் வரும் என்று அவர்களுக்கும் அந்த நொடியில் உறைத்துவிட்டதால். ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து அந்த மண்டபத்தில் யாரும் சொல்லாத சொல் அது. இப்போது சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு திரும்பி வந்தது. "இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்!" என்று மேடையிலிருந்த ஆரோக்கியசாமியே எழுந்துவிட்டார். எருமைக்கு மூக்கிலிருந்து வால்வரை ஒரு நடுக்கம் ஓடியது. இத்தனை நாள் காக்காயின் கனம்கூட இல்லாத உடம்புக்குக் கனம் வந்து இறங்க, அது நின்ற தரைக்கல் மடாரென்று பிளந்தது. அடுத்த நொடி பால் பீறிட்டது.

அந்தப் பாலை என்னவென்று சொல்வது! பெண்கள் சாம்பார் வாளியை ஏந்திப் பிடித்தார்கள், அண்டாவை உருட்டி வந்தார்கள், ஆண்கள் தீர்மானக் காகிதங்களைக் கூம்பாக்கிப் பிடித்தார்கள், அது மட்டும் ஒழுகியது. மேலாளர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன காரியம் பண்ணிட்டீங்க பூங்கோதை!" என்றார். "அர்த்தம் சொன்னேன் சார்" என்றாள் அவள், முழங்கால்வரை நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே. அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்தே வந்தது. சமையல்காரர் நல்ல சமயம் பார்த்து அரிசியையும் வெல்லத்தையும் எடுத்துப் போட்டார். அன்றைக்குத் தக்காளிச் சோற்றோடு பால் பாயசமும் பந்தியில் வந்தது, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள்.

அதிகாரி நாற்காலி பூங்கோதைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவளை நீக்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை, எல்லா ஊர் எருமைகளுக்கும் அர்த்தம் சொல்ல அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலோடு வெயிலாக ஊர் ஊராகப் போனாள், போன இடமெல்லாம் தாரை தப்பட்டை அடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை வழக்கமும் மாறிப்போனது. இப்போது சுற்றறிக்கை மேசை மேசையாகப் போகும்போது காவலாளி வாசலை எட்டிப் பார்க்கிறார். எருமை நின்றால், "சார், நிக்குது" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். காகிதம் திரும்பி வந்துவிடுகிறது. முதலில் அடிக்கடி நின்றது. இப்போதெல்லாம் அபூர்வம், மேலாளர் தானே எழுத ஆசைப்படுகிற நாட்களில் மட்டும்.

பெரிய எருமை வேலாத்தாவின் கட்டுத்தரையிலேயே தங்கிவிட்டது. பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்புவதில்லை, அந்தப் பேர் யாருக்கும் நினைவிலும் இல்லை. பூச்சக்காட்டு வலசின் சொசைட்டிச் சுவரில் பூங்கோதையின் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, 'பால் வண்டி காலை ஆறு மணிக்கு வரும்' என்று. வண்டியும் ஆறு மணிக்கு வந்துவிடுகிறது. அந்நேரத்துக்கு வேலாத்தா மேய்ச்சல் பக்கம் பார்த்து வாயில் கையைக் குவித்து, "முடியாது... ஏ முடியாது... இந்தா வா சாமி" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுகிறாள். அது தலையைத் தூக்கி, மடி குலுங்கக் குலுங்க, காடு அதிர ஓடி வருகிறது, வண்டிக்காரர் பால் கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைக்கிறார்.